கை தூக்குவதா, சீட்டு மடிப்பதா? டெல்டா ஊர்க் குழுக்களின் தேர்தல் முறை

"நிர்வாகிகள் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டனர்." வாய்க்கால் தூர்வாரும் குழு, கோயில் திருப்பணிக் குழு, இளைஞர் நற்பணி மன்றம், இரத்ததானக் குழு, ஊர் நூலகக் குழு என்று காவிரி டெல்டாவின் தன்னார்வ அமைப்புகளுடைய தீர்மானப் புத்தகங்களில் அடிக்கடி கண்ணில் படும் வரி இது. அந்த வரி எப்படி உருவாகிறது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். கூட்டத்தில் ஒருவர் எழுந்து ஒரு பெயரை முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார். "யாருக்காவது ஆட்சேபனை இருக்கிறதா?" என்ற கேள்வி வரும். யாரும் வாய் திறக்க மாட்டார்கள். கைதட்டல் எழும். ஆட்சேபனைகள் எல்லாம் கூட்டம் கலைந்த பிறகு, மதகுக் கட்டையில் உட்கார்ந்து பேசப்படும்.

கூட்டத்தில் நிலவிய அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எழுதிக்கொள்வது தவறு என்பதே என் உறுதியான கருத்து. சட்டமன்றத் தேர்தலுக்கு மறைவு வாக்கு எவ்வளவு தேவையோ, அதைவிட அதிகமாக ஊர்க் குழுவுக்குத் தேவை. ஏன் என்பதையும், அதைச் சிக்கலில்லாமல் நடத்துவது எப்படி என்பதையும் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

பொதுவாகச் சொல்லப்படும் மறுப்பு இது: "இங்கே யாருக்கும் சம்பளம் கிடையாது. சேவை செய்ய வந்தவர்கள்தாம். நமக்குள் எதற்குத் தேர்தல்?" ஆனால் சம்பளம் இல்லை என்பதால் அதிகாரமும் இல்லை என்று ஆகிவிடாது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்த பிறகு, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களில் நிவாரணப் பொருள்களைப் பிரித்துக் கொடுத்ததில் ஊர் இளைஞர் குழுக்களுக்குப் பெரும் பங்கு இருந்தது. எந்தத் தெருவுக்குத் தார்ப்பாய் முதலில் போவது என்று முடிவு செய்தவர் யாரோ, அவர் கையில் அன்றைக்கு உண்மையான அதிகாரம் இருந்தது. பிறகு ஏரி, குளம், வாய்க்கால் தூர்வாரும் பணிகளிலும் இதே நிலைதான். திரட்டிய பணம் பொக்லைன் இயந்திரத்தின் சில நாள் வாடகைக்கு மட்டுமே போதும் என்றால், அது தலைமடையிலிருந்து தொடங்குவதா, கடைமடையிலிருந்து தொடங்குவதா? மேட்டூரில் ஜூன் 12 அன்று தண்ணீர் திறந்தாலும் கடைமடைக்கு அது வந்து சேர நாளாகும். அங்கே வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் குறுவையே கேள்விக்குறியாகிவிடும். இப்படிப்பட்ட முடிவை எடுக்கும் குழுவின் பொறுப்பாளர் யார் என்பது சாதாரண விஷயம் அல்ல.

இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. பொதுத்தேர்தலில் வேட்பாளருக்கு உங்களை நேரடியாகத் தெரியாது. ஊர்க் குழுவிலோ, தலைவராக நிற்பவர் உங்கள் குத்தகை நிலத்தின் உடைமையாளராக இருக்கலாம். உங்கள் மகளின் கல்யாணத்துக்குக் கைமாற்று கொடுத்தவராக இருக்கலாம். உங்கள் நெல்லை எடைபோடும் வியாபாரியாகவோ தாய்மாமனாகவோ இருக்கலாம். அவருக்கு எதிராகக் கை தூக்குவது அவருடைய கண்ணுக்கு எதிரே நடக்கிறது. மறுநாள் காலையில் அதே தெருவில் அதே மனிதரைப் பார்த்தாக வேண்டும். நெருக்கம் கூடக் கூட, வெளிப்படையான வாக்கின் விலையும் கூடுகிறது. இதனால்தான் சின்னக் குழுவுக்கு மறைவு வாக்கு கூடுதலாகத் தேவைப்படுகிறது என்கிறேன்.

டெல்டாவில் இந்த விலை எவ்வளவு கொடுமையாக வசூலிக்கப்பட்டிருக்கிறது என்பதை மறந்துவிட்டுப் பேச முடியாது. பண்ணையாள் முறை கோலோச்சிய நிலம் இது. பண்ணையாளையும் குத்தகைதாரரையும் நினைத்தபோது வெளியேற்றக் கூடாது என்பதற்காகவே 1952-இல் தஞ்சாவூர் மாவட்டத்துக்கென்று தனியே ஒரு பாதுகாப்புச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. கூலி உயர்வு கேட்டுச் செங்கொடிச் சங்கத்தில் திரண்ட விவசாயத் தொழிலாளர்களின் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். யார் எந்தப் பக்கம் என்று ஊருக்கே தெரிந்திருப்பது உயிருக்கே ஆபத்தாக முடிந்த வரலாறு அது. இன்றைய ஊர்க் குழுவில் அத்தகைய ஆபத்து இல்லை என்று வைத்துக்கொண்டாலும், அறுவடைக்குக் கூப்பிடாமல் விடுவது, குத்தகையைப் புதுப்பிக்காமல் விடுவது, திருவிழாவில் ஒதுக்கி வைப்பது போன்ற சின்னத் தண்டனைகள் போதும், ஒருவர் கையைக் கீழேயே வைத்திருக்க.

மறைவு வாக்கு உலகில் வந்ததும் இதே காரணத்தால்தான். பிரிட்டனில் 19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை வாக்காளர் மேடைக்கு அருகே வந்து, தான் யாரை ஆதரிக்கிறார் என்று உரக்கச் சொல்ல வேண்டும். யார் யாருக்கு வாக்களித்தார் என்பதைப் பெயரோடு அச்சிட்டுப் புத்தகமாகவே விற்றார்கள். நிலவுடைமையாளர் அதை வாங்கிப் பார்த்துத் தன் குத்தகைதாரர்களின் கணக்கைத் தீர்க்க முடிந்தது. 1838-இல் வாக்குரிமைக்காகப் போராடிய பிரிட்டனின் சாசன இயக்கத் தொழிலாளர்கள் முன்வைத்த ஆறு கோரிக்கைகளில் ஒன்று மறைவு வாக்கு. ஆனால் அதை முதலில் நடைமுறைப்படுத்தியவை ஆஸ்திரேலியக் குடியேற்றங்களான விக்டோரியாவும் தெற்கு ஆஸ்திரேலியாவும், 1856-இல். அரசே அச்சிட்ட சீட்டு, எல்லா வேட்பாளர்களின் பெயரும் ஒரே தாளில், தனி மறைப்பில் நின்று குறியிடுதல் என்ற முறை அங்கே உருப்பெற்று, 'ஆஸ்திரேலிய வாக்குச்சீட்டு' என்றே உலகம் முழுவதும் பெயர் பெற்றது. பிரிட்டன் 1872-இல்தான் சட்டம் இயற்றியது. அந்த ஆண்டு ஆகஸ்டில் பான்டிஃபிராக்ட் என்ற ஊரில் நடந்த இடைத்தேர்தலே அச்சட்டத்தின்படி நாடாளுமன்றத்துக்கு நடந்த முதல் மறைவு வாக்கெடுப்பு. அந்த ஊர் அதிமதுர மிட்டாய்க்குப் பெயர் போனது. வாக்குப்பெட்டியின் அரக்கு முத்திரையை அந்த மிட்டாய் ஆலையின் அச்சைக் கொண்டுதான் பதித்தார்கள். நேர்மையான தேர்தலுக்குப் பெரிய கருவிகள் எதுவும் வேண்டாம். பிரித்தால் தெரிந்துவிடும் ஒரு முத்திரை போதும்.

இந்தியாவில் 1951-52 முதல் பொதுத்தேர்தல் தொடங்கி மறைவு வாக்குதான். 17 கோடிக்கும் மேற்பட்ட வாக்காளர்களில் பெரும்பாலோருக்கு எழுத்தறிவு இல்லை என்பதால், ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய தனிப்பெட்டி மறைப்புக்குள் வைக்கப்பட்டது. வாக்காளர் எதுவும் எழுத வேண்டியதில்லை. விரும்பிய பெட்டியில் சீட்டைப் போட்டால் போதும். 1960-களின் தொடக்கத்தில்தான் ஒரே சீட்டில் முத்திரை குத்தும் முறை பரவலானது. 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 94-ஆவது பிரிவில், தான் யாருக்கு வாக்களித்தேன் என்று சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று பாதுகாப்புத் தருகிறது. 128-ஆவது பிரிவு, இரகசியத்தை வெளியிடும் தேர்தல் பணியாளருக்கு மூன்று மாதம் வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. தமிழ்நாட்டின் ஊரக உள்ளாட்சித் தேர்தல் இன்றும் வாக்குச்சீட்டில் நடப்பதால், ஊரில் உள்ள எல்லோருக்கும் சீட்டை மடித்துப் பெட்டியில் போடும் பழக்கம் உண்டு. புதிதாக யாருக்கும் எதையும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் "நமக்குச் சோழர் காலத்திலேயே குடவோலை இருந்தது" என்று யாராவது பெருமையோடு சொல்வார்கள். பெருமை நியாயமானதுதான். ஆனால் அந்தக் கல்வெட்டு என்ன சொல்கிறது என்பதைச் சரியாகப் படித்தால் இன்னும் அதிகம் கற்றுக்கொள்ளலாம். முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர் டெல்டாவில் இல்லை. காஞ்சிபுரம் அருகே தொண்டை மண்டலத்தில் இருக்கிறது. அது ஒரு பிரமதேயச் சபை, அதாவது பிராமணர்களுக்குத் தானமாக அளிக்கப்பட்ட ஊரின் சபை. வரி செலுத்தும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் உள்ள, 35 முதல் 70 வயது வரையான ஆண்களின் பெயர்கள் மட்டுமே பொதுவாக ஓலையில் ஏறின. எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே நடந்தது வாக்கெடுப்பே அல்ல, குலுக்கல். யாரும் யாரையும் விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை, குடம் தேர்ந்தெடுத்தது.

என்றாலும், அதன் நடைமுறை நுட்பம் இன்றும் பாடமாகிறது. ஊர் 30 குடும்புகளாக, அதாவது வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்புக்கும் ஒருவர் வீதம் 30 பேர். அவர்களிலிருந்து வாரியங்கள் எனப்பட்ட குழுக்கள் அமைந்தன: 12 பேர் ஆண்டு வாரியத்துக்கு, 12 பேர் தோட்ட வாரியத்துக்கு, 6 பேர் ஏரி வாரியத்துக்கு. எந்தப் பகுதியும் விடுபடாது என்ற உத்தரவாதம் இந்த அமைப்பிலேயே இருந்தது. சபை முழுவதும் கூடியிருக்க, முதிய நம்பி (கோயில் அர்ச்சகர்) ஒருவர் குடத்தை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடிப்பார். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுப்பான். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் ஏந்தி வாங்க வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலை ஒளிந்திருக்க வாய்ப்பில்லை. பிறகு அவர் உரக்கப் படிப்பார். அங்கிருக்கும் நம்பிமார் அனைவரும் அதே ஓலையை வாங்கிப் படிப்பார்கள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்களின் பெயர் குடத்தில் விழவே கூடாது. அவர்களுடைய நெருங்கிய உறவினர் பெயரும் கூடாது. கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவருக்கும் இடமில்லை.

ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு விஷயம் தெளிவாக உணரப்பட்டிருக்கிறது. முடிவை எடுக்கும் கையை எல்லோரும் பார்க்க முடிய வேண்டும். மறைவு வாக்கைப் பற்றி நம் ஊர்களில் இருக்கும் பெரிய குழப்பம் இங்கேதான் இருக்கிறது. "இரகசியமாக நடத்தினால் தில்லுமுல்லு நடக்கும்" என்று பலரும் உண்மையாகவே அஞ்சுகிறார்கள். மறைக்க வேண்டியது ஒன்றே ஒன்று: எந்தச் சீட்டு யாருடையது என்பது. மற்றவை அனைத்தும், அதாவது வாக்காளர் பட்டியல், காலிப் பெட்டி, அச்சிட்ட சீட்டுகளின் எண்ணிக்கை, எஞ்சிய சீட்டுகள், எண்ணும் மேசை, செல்லாத சீட்டு எது என்ற முடிவு ஆகியவை அனைவர் கண்முன்னும் இருக்க வேண்டும்.

நடைமுறையில் இதன் பொருள் என்ன? சீட்டில் பெயரை எழுதச் சொல்லக் கூடாது. எண்பது பேர் உள்ள ஊரில் கையெழுத்தே ஆளைக் காட்டிக்கொடுக்கும். எழுதத் தெரியாதவர் இன்னொருவரைக் கேட்க நேரும். பெயர்களை அச்சிட்டு, பக்கத்தில் ஒரு சின்னமோ நிறமோ போட்டு, ஒரே முத்திரையால் குறியிடச் செய்ய வேண்டும். பேனாவானால் எல்லோருக்கும் ஒரே பேனா. அது மறைப்புக்குள்ளேயே கட்டப்பட்டிருக்க வேண்டும். சீட்டில் வரிசை எண் கூடாது. பிரிட்டனில் 1872 முதலே சீட்டுக்கு எண் உண்டு. கள்ள வாக்கு வழக்கு வந்தால் நீதிமன்ற ஆணையின் பேரில் மட்டும் தேடிப் பார்க்கலாம் என்பது அங்கே ஏற்பாடு. ஊர்க் குழுவுக்கு அந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லாததால், எண் இருந்தாலே சந்தேகம் பிறக்கும். எண்ணுக்குப் பதிலாக, சீட்டை வழங்கும்போது பின்புறத்தில் இரு தரப்புக்கும் பொதுவான ஒருவர் கையொப்பம் இடலாம். வந்தவர்களின் கையொப்பப் பட்டியலும் பெட்டியில் உள்ள சீட்டுகளின் எண்ணிக்கையும் ஒத்துப்போனால் போதும்.

மறைப்புக்குள் கைபேசி போகக் கூடாது என்பதை இப்போது தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. குறியிட்ட சீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி ஒருவரைக் கட்டாயப்படுத்த முடியும் என்றால், மறைவு வாக்கின் பயன் முழுவதும் போய்விடும். வாக்காளர் தான் எப்படி வாக்களித்தேன் என்பதைச் சொல்ல மறுக்க முடிவது மட்டும் போதாது. சொன்னாலும் அதை மெய்ப்பிக்க முடியாதிருப்பதே அவருக்குக் கிடைக்கும் உண்மையான பாதுகாப்பு. "உங்களுக்குத்தான் ஐயா போட்டேன்" என்று பண்ணைக்காரரிடம் சொல்லிவிட்டுத் தன் விருப்பப்படி வாக்களித்து வரும் சுதந்திரம் அதில்தான் அடங்கியிருக்கிறது.

சிறிய எண்ணிக்கை இன்னொரு வகையிலும் இரகசியத்தைக் கசியவிடும். தெருவுக்கு ஒரு பெட்டி வைத்து, தெருவாரியாக எண்ணி அறிவிக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. ஒரு தெருவில் ஒன்பது வாக்குகள்தாம் இருந்து, ஒன்பதும் ஒருவருக்கு எதிராக விழுந்திருந்தால், அந்த ஒன்பது பேரின் வாக்கும் ஊருக்குத் தெரிந்துவிட்டது. பொதுத்தேர்தலிலும் இதே பிரச்சினை இருக்கிறது. வாக்குச்சீட்டுக் காலத்தில் பல சாவடிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ண விதி இருந்தது. இயந்திரம் வந்த பிறகு ஒவ்வொரு சாவடியின் முடிவும் தனித்தனியே தெரிகிறது. பல இயந்திரங்களின் வாக்குகளைச் சேர்த்தே காட்டும் 'டோட்டலைசர்' கருவியைத் தேர்தல் ஆணையம் 2008-இல் முன்மொழிந்தது. சட்ட ஆணையமும் 2015-இல் அதை ஆதரித்தது. நாட்டளவில் அது எப்படிப் போனாலும், ஊரில் செய்ய வேண்டியது எளிது. எல்லாப் பெட்டிகளையும் ஒரே பாயில் கொட்டிக் கலந்த பிறகு எண்ண வேண்டும்.

பெட்டிக்கு முன்பே தீர்க்கப்பட வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: யாருக்கு வாக்கு? டெல்டா ஊர்களில் திருவிழா வரி தலைக்கட்டுக் கணக்கில் வசூலாகிறது. ஒரு குடும்பம், ஒரு தலைக்கட்டு, ஒரு வரி. அதே கணக்கில் வாக்கும் என்று வைத்தால், பெரும்பாலும் ஆணே தலைக்கட்டு என்பதால், பெண்கள் பட்டியலிலேயே வர மாட்டார்கள். கைம்பெண் வீட்டை முழுத் தலைக்கட்டாகக் கொள்ளாத ஊர்களும் இருக்கின்றன. 1951-52 தேர்தலுக்கான பட்டியல் தயாரானபோது, தம் பெயரைச் சொல்லாமல் 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் மகள்' என்று மட்டும் பதிந்துகொண்ட ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பதிவுகளை நீக்க வேண்டிவந்தது. பெரும்பாலும் வட மாநிலங்களில். சொந்தப் பெயர் இல்லாமல் வாக்கு இல்லை என்று சுகுமார் சென் தலைமையிலான தேர்தல் ஆணையம் பிடிவாதமாக நின்றது. அடுத்த தேர்தலுக்குள் நிலைமை பெரிதும் மாறியது. ஊர்க் குழுவும் அதே பிடிவாதத்தைக் காட்ட வேண்டும் என்று நினைக்கிறேன். வரி தலைக்கட்டுக்கு இருக்கட்டும்; வாக்கு ஆளுக்குத்தான். பட்டியலை ஒரு மாதம் முன்பே எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்ட வேண்டும். தேர்தல் நெருங்கும்போது ஒரு தரப்பு முப்பது பேருக்குச் சந்தா கட்டிச் சேர்ப்பதைத் தடுக்க, எந்த நாளுக்குள் சேர்ந்தவருக்கு வாக்கு என்பதும் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

பதிவு செய்யப்பட்ட சங்கமானால் 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் பொருந்தும். செயற்குழுவில் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும். பதவிக்காலம் மூன்று ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. எப்படி வாக்கெடுப்பது என்பதைச் சங்கத்தின் சொந்த விதிகளில் தெளிவாக எழுதி வைத்துக்கொள்வதே நல்லது. யாரோ அச்சிட்டு வைத்திருக்கும் மாதிரி விதிகளை அப்படியே நகலெடுத்துப் பதிவு செய்வதால்தான் பிற்பாடு தகராறு வருகிறது.

அடுத்தது எண்ணும் முறை. பலரும் கவனிக்காத இடம் இது. மறைவாக, நேர்மையாக நடந்த தேர்தல்கூட இங்கே அநீதியாக முடியலாம். நூறு உறுப்பினர்கள் உள்ள குழு என்று வைத்துக்கொள்வோம். மேலத்தெருவில் 60 பேர், கீழத்தெருவில் 40 பேர். செயற்குழுவுக்கு ஐந்து இடங்கள். நம் ஊர் வழக்கப்படி ஒவ்வொருவரும் ஐந்து பேருக்கு வாக்களிக்கலாம். ஒவ்வொரு தெருவும் தன் ஆட்களுக்கே போட்டால், மேலத்தெருவின் ஐந்து பேருக்கும் தலா 60. கீழத்தெருவின் ஐந்து பேருக்கும் தலா 40. ஐந்து இடமும் மேலத்தெருவுக்கே. 40 பேருக்கு ஓர் இடம்கூட இல்லை. நம் ஊர்களில் தெரு என்பது பல நேரம் சாதி என்பதால், இதன் விளைவு வெறும் கணக்கோடு நிற்பதில்லை. அதே தேர்தலில் ஆளுக்கு ஒரே வாக்கு என்று மாற்றினால் நிலைமை தலைகீழாகிறது. நூறு வாக்கில் 17 பெற்றவர் ஐந்து இடங்களில் ஒன்றை இழக்கவே முடியாது. ஏனெனில் ஆறு பேர் தலா 17 பெற 102 வாக்கு வேண்டும். கீழத்தெரு இரண்டு பேரை நிறுத்தித் தலா 20 வாக்கு போட்டால் இரண்டு இடம் உறுதி. மேலத்தெருவுக்கு மூன்று. ஒரு வரி விதியை மாற்றினால் கிடைக்கும் நியாயம் இது. உத்தரமேரூரில் குடும்புக்கு ஒருவர் என்று வைத்தது இதே கவலைக்குச் சொன்ன வேறொரு பதில்.

தலைவர் பதவி போல ஓர் இடத்துக்கு மூவர் போட்டியிட்டால் வேறு சிக்கல். ஒருவருக்கு 40, இன்னொருவருக்கு 35, மூன்றாமவருக்கு 25 வாக்கு. மூன்றாமவரின் ஆதரவாளர்கள் அனைவரும் இரண்டாமவரையே அடுத்த விருப்பமாகக் கருதினால், 60 பேர் வேண்டாம் என்று நினைத்தவர் தலைவராகிவிடுகிறார். பிரெஞ்சு அறிஞர் கொந்தோர்சே 1785-இலேயே இதை அலசினார்: ஒவ்வொருவரையும் மற்ற ஒவ்வொருவரோடும் தனித்தனியே மோதவிட்டு, எல்லா மோதலிலும் வெல்பவரே உண்மையான வெற்றியாளர் என்றார். ஊர்க் கூட்டத்தில் அவ்வளவு கணக்குப் போட வேண்டாம். முதலிரண்டு பேருக்கு இடையே அன்றே இரண்டாம் சுற்று நடத்தினால் பெரும்பாலும் போதும். சமநிலை வந்தால் திருவுளச்சீட்டு. சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தலிலேயே வாக்குகள் சமமானால் குலுக்கல்தான் என்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 65-ஆவது பிரிவு.

ஒருவர் மட்டுமே மனு கொடுத்திருந்தாலும் சீட்டு வைக்க வேண்டும் என்பேன்: 'ஏற்கிறேன்', 'ஏற்கவில்லை'. யாரையும் ஏற்காமலிருப்பதும் மறைவாகச் சொல்லப்பட வேண்டிய கருத்துதான் என்பதை உச்ச நீதிமன்றம் 2013 செப்டம்பர் 27 அன்று அளித்த தீர்ப்பில் ஏற்றுக்கொண்டது. அதற்கு முன்பு, வாக்களிக்க விருப்பமில்லாதவர் சாவடி அலுவலரிடம் சொல்லிப் பதிவேட்டில் எழுதவைக்க வேண்டியிருந்தது. அது இரகசியத்தை மீறுகிறது என்பதால்தான் 'நோட்டா' வந்தது.

மறைவு வாக்குக்கு எதிராக ஆழமாக யோசித்தவர்களும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டுவர்ட் மில் அவர்களில் முக்கியமானவர். வாக்கு என்பது தனிச்சொத்து அல்ல, பிறர் நலனுக்காக ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு. எனவே அதைப் பிறர் பார்வையில்தான் செலுத்த வேண்டும் என்று அவர் வாதிட்டார். இந்த வாதத்தில் உள்ள நியாயத்தை நான் மறுக்கவில்லை. அது பொருந்தும் இடம் வேறு என்கிறேன். தேர்ந்தெடுக்கப்பட்ட செயற்குழு பணத்தைப் பற்றி முடிவெடுக்கும்போது, அவர்கள் பிறர் சார்பாக வாக்களிக்கிறார்கள். அங்கே யார் ஆதரித்தார், யார் எதிர்த்தார் என்பது தீர்மானப் புத்தகத்தில் பெயரோடு இருக்க வேண்டும். மாநிலங்களவைத் தேர்தலில் கட்சி சார்ந்த சட்டமன்ற உறுப்பினர்கள் தம் வாக்கைக் கட்சி முகவரிடம் காட்டிவிட்டுப் போடும் முறையை 2006-இல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. அவர்கள் பிரதிநிதிகள் என்ற நிலை சாதாரண வாக்காளரின் நிலையிலிருந்து வேறுபட்டது. நம் குழுக்களில் நடப்பது பெரும்பாலும் இதற்கு நேர் எதிர். உறுப்பினர் எல்லோர் முன்னும் கை தூக்க வேண்டும். நிர்வாகிகளின் முடிவோ கதவுக்குப் பின்னால் நடக்கும்.

கடைசியாக, ஊரில் இல்லாத உறுப்பினர்கள். தஞ்சாவூரின் தென்பகுதி, மயிலாடுதுறை, நாகப்பட்டினம் ஊர்களில் குழுவின் நன்கொடையில் கணிசமான பங்கு சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வருகிறது. அவர்களுக்கும் குரல் வேண்டும் என்பது நியாயம். தம் சார்பில் வாக்களிக்க ஊரில் ஒருவரை நியமிக்கச் சொன்னால், மறைவு அங்கேயே முடிந்துவிடும். வாட்ஸ்அப் குழுவில் கருத்துக்கணிப்பு போடுவது இப்போது பரவிவிட்டது. யார் எதைத் தொட்டார் என்று பெயரோடு குழு முழுவதற்கும் காட்டும் வகையில்தான் அது வழக்கமாக நடக்கிறது. கை தூக்குவதைவிட மோசம் என்றே சொல்வேன். தூக்கிய கை ஒரு நொடியில் இறங்கிவிடும், இது பதிவாகி நிற்கும்.

இந்தக் கேள்வியை உலகளவில் எதிர்கொண்ட ஒரு தன்னார்வச் சமூகம் உண்டு. 'டெபியன்' என்ற கட்டற்ற கணினி இயங்குதளத்தை 1993 முதல் பல நாடுகளின் தன்னார்வலர்கள் கூடி உருவாக்கி வருகிறார்கள். வாக்குரிமை உள்ளவர்கள் சுமார் ஆயிரம் பேர். கொந்தோர்சே வழியில் வேட்பாளர்களை விருப்ப வரிசைப்படுத்தி வாக்களிப்பது அவர்கள் முறை. 'இவர்களில் யாரும் இல்லை' என்பதும் ஒரு வேட்பாளரைப் போலவே சீட்டில் நிற்கும், அதைத் தோற்கடிக்காதவர் தலைவராக முடியாது. தலைவர் தேர்தல் அங்கே முன்பிருந்தே மறைவானது. பொதுத் தீர்மானங்களின் வாக்குகளோ பெயரோடு வெளியாகிவந்தன. 2021-இல் ஒரு பிரபல ஆளுமையைப் பற்றிய கசப்பான தீர்மானம் வாக்குக்கு வந்தபோது, பெயர் வெளியானால் துன்புறுத்தல் வரும் என்று பலர் கவலைப்பட்டனர். 2022-இல் அவர்கள் தங்கள் விதியையே மாற்றி, தீர்மானங்களிலும் வாக்காளர் அடையாளத்தை மறைத்தார்கள். தம் வாக்கு சரியாக எண்ணப்பட்டதா என்று பார்க்க, ஒவ்வொருவருக்கும் ஓர் இரகசியக் குறியீடு கிடைக்கிறது. வெளியிடப்படும் பெயரில்லாப் பட்டியலில் அதைத் தேடிக்கொள்ளலாம்.

அந்த ஏற்பாடு அவர்களுக்குப் பொருந்துகிறது. ஊருக்கு அப்படியே எடுத்துக்கொள்ளத் தயங்குகிறேன். நான் சரிபார்த்துக்கொள்ள உதவும் குறியீட்டை இன்னொருவர் மிரட்டிக் கேட்டுவாங்கவும் முடியும். ஒருவரையொருவர் நேரில் பார்த்திராதவர்களிடையே அந்த மிரட்டல் எளிதல்ல. ஒரே தெருவில் எளிது. வெளியூர் உறுப்பினர்களுக்கு நான் பரிந்துரைப்பது பழைய தபால் வாக்கு முறையைத்தான். பெயரில்லாத உள்ளுறையில் குறியிட்ட சீட்டு. அதை உள்ளடக்கிய வெளியுறையில் பெயரும் கையொப்பமும். தேர்தல் நாளன்று அனைவர் முன்னிலையில் வெளியுறையைப் பார்த்துப் பட்டியலில் பெயரை அடித்துவிட்டு, உள்ளுறையைப் பிரிக்காமல் பெட்டியில் போட வேண்டும். கலந்த பிறகே பிரிக்க வேண்டும். இதற்காகத் தேர்தலுக்கு ஆறு வாரம் முன்பே வேட்பாளர் பட்டியல் முடிவாகியிருக்க வேண்டும். தேர்தலை நடத்தும் பொறுப்பை, ஊரில் நிலமோ உறவோ கொடுக்கல் வாங்கலோ இல்லாத ஒருவரிடம், பக்கத்து ஊர்ப் பள்ளியின் ஓய்வுபெற்ற ஆசிரியர் போன்றவரிடம், ஒப்படைப்பது நல்லது.